மஞ்சள் பூசாத கை

மனைவிக்கு மாதவிலக்கு நின்றுபோனதை எங்கள் தலைமுறைக் கணவர்கள் தாமாகவே ஊகித்துக்கொள்வார்கள். அதைப் பற்றி வீட்டில் பேச்சு எழாது. என் மனைவி அதை வாய்விட்டுச் சொன்னாள். எழுபதுகளின் பிற்பகுதி அது. அவளுக்கு நாற்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தது. நான் கல்லூரியிலிருந்து திரும்பிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது காப்பியை மேசைமேல் வைத்தாள். கொஞ்ச காலமாகத் தனக்கு நாள் வருவதில்லை என்றும், இனி வராது என்று தோன்றுகிறதென்றும், நான் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் காப்பியைக் குடித்தேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் வாடகை வீட்டில் இருந்தோம். ஆற்றுக்கு அந்தப்புறம், திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் கற்பித்தேன். ஒரே மகள் மணமாகி வடக்கே போய்விட்டாள். நான் காலையில் பஸ் ஏறினால் மாலையில்தான் திரும்புவேன். அதுவரை வீடு அவள் ஒருத்திக்கே. அந்தத் தனித்த பகல்களில் அவள் உடம்பு மாறிக்கொண்டிருந்ததைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். மார்கழிக் குளிரில் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொள்வாள். மார்பிலிருந்து நெற்றிவரை ஒரு தணல் ஏறி, சற்று நின்று, வியர்வையாக இறங்கிவிடுகிறது என்பாள். அது ஓராண்டில் அடங்கியது. அடங்கிய பிறகு தோல் வறண்டது.

அவள் மருங்காபுரிப் பக்கத்துப் பெண். வானம் பார்த்த பூமியில் வெயிலோடு வளர்ந்தவள். அவளுடைய தோல் எதையும் தாங்கும் என்று அவளே பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தத் தோல் இப்போது முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாக வெளுத்தது. நகம் பட்டால் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. குதிகாலில் வெடிப்பு. அதற்கும் பிறகு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு.

அரிப்பு என்ற சொல் சிறியது. எதிரில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறார்கள். பொழுது சாயும்போது அவளுக்கு அது தொடங்கும். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த கயிற்று மிதியடிமேல் நின்று, பாதங்களை மாறி மாறித் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தெருவில் போகிறவர்கள் அவள் யாருக்காகவோ காத்திருப்பதாக எண்ணியிருக்கக்கூடும். விசிறிக் காம்பு, சீப்பின் முதுகு, ஈயப் பாத்திரத்தின் விளிம்பு என்று எது கைக்குக் கிடைத்ததோ அது உதவியது. நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டாள். ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் கேட்டாள்:

"உங்க லேப்ல ஆசிட் இருக்குமில்ல? ஒரு பாட்டில் கொண்டாங்க. இந்தத் தோலை உரிச்சுப் போட்டுட்டு வேற மாத்திக்கிறேன்."

எதிர்வீட்டில் ஓர் அம்மாள் இருந்தாள். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். என் மனைவியைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். அந்தப் பருவத்தை முன்பே கடந்தவள். அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நாள் நின்ற பிறகு எல்லாப் பெண்களுக்கும் தோல் வற்றும், சோப்பை விட்டுவிட்டுப் பயத்தமாவு தேய்த்துக்கொள்ள வேண்டும், வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், வெந்நீர் ஆகாது, பாலேட்டை முழங்கையில் தடவலாம். தனக்கும் இப்படி இருந்தது, போய்விட்டது என்றாள். என் மனைவி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். வறட்சி உண்மையிலேயே தணிந்தது. முழங்காலில் செதில் உதிர்வது நின்றது. அரிப்பு நிற்கவில்லை.

தெற்கு வாசல் பக்கம் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். வயதானவர், நல்லவர். பெண்களைத் தொட்டுப் பார்க்கக் கூசுபவர். அவள் இரு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்; அவர் தம் நாற்காலியிலிருந்தே பார்த்தார். வயதைக் கேட்டார். அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டார்: "நின்னுடுச்சா?" நான் தலையசைத்தேன். அதோடு விசாரணை முடிந்தது. காலமைன் லோஷனும், தூக்கம் வருவதற்கு ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார். லோஷன் காய்ந்ததும் தோலில் வெளுத்த படலமாகப் படிந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறேன் என்று சொல்லி, நான் வீடு திரும்பும் நேரத்துக்குள் அதைக் கழுவிவிடுவாள்.

மருங்காபுரியில் அவளுடைய தங்கை இருந்தாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். செய்தி கேட்டு ஒரு கூடை வேப்பிலையும் குப்பைமேனியும் பறித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள், எங்களோடே தங்கிவிட்டாள். அரிப்புக்கு அவர்கள் ஊரில் அதுதான் மருந்து: வேப்பிலையையும் குப்பைமேனியையும் மஞ்சளோடு வைத்து அரைத்து, உடம்பெல்லாம் அப்பி, காய விட்டுக் குளிப்பது. தங்கைதான் அரைத்தாள். அரைத்த பிறகு உள்ளங்கையில் ஏறிய மஞ்சளைப் புளி வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவாள். கணவன் இல்லாத பெண்ணின் கையில் மஞ்சள் தெரியலாகாது. யாரும் அவளிடம் அதை வற்புறுத்தவில்லை; யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆக, முன்பு முகத்துக்கும் பாதத்துக்கும் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்த என் மனைவி, இப்போது கழுத்து, கை, கால், முதுகு எங்கும் பூசினாள். குளியலறையில் குண்டு மஞ்சள் உரைக்கும் கல் எப்போதும் ஈரமாகவே இருந்தது.

அந்தக் காலத்தில்தான் தெருப் பெண்கள் அவளைப் புகழத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை தாயார் சன்னதியில் நிற்கும்போது முன்பின் அறியாத ஒருத்தி அவள் கையைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை மஞ்சள் என்று விசாரித்தாளாம். எதிர்வீட்டு அம்மாள் வெளிப்படையாகவே பொறாமைப்பட்டாள். "எனக்கு நாளெல்லாம் தேய்ச்சாலும் சாயங்காலம் ஒண்ணும் இருக்காது. உனக்குத்தான் என்னமாப் பத்துது! அம்மன் மாதிரி இருக்கே, போ." வயதினால் முகம் வாடிவிட்டதே என்று கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டிருந்தவள் என் மனைவி. அந்த வார்த்தைகளை அவள் என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது மகிழ்ச்சியாக இருந்தாள். தான் வாங்கும் மஞ்சளில் நல்லதாக ஒரு கிழங்கைத் தேர்ந்தெடுத்து எதிர்வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தாள்.

அவளைத் திருச்சியில் புத்தூருக்கு அழைத்துப் போனது அரிப்புக்காக அல்ல. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். படிக்கும் கண்ணாடி வாங்கித் தரலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை கண் டாக்டரிடம் போனோம். மருத்துவர் இளம்பெண். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, என் மனைவியின் தோளைப் பிடித்து ஜன்னலருகே அழைத்துப் போய், மறுபடி பார்த்தாள்.

"அம்மா, மூஞ்சியில என்ன, மஞ்சளா?"

"ஆமாங்க."

"அதோ குழாய் இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

நான் வெளியே நின்று பார்த்தேன். சோப்பு நுரை பட்ட இடத்தில் மஞ்சள் செந்நிறமாகி வழிந்தது. காரத்தில் மஞ்சள் சிவக்கும் என்பதை மஞ்சள் தாளை நனைத்து ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டி வந்தவன் நான். நுரை சிவப்பாக ஓடி, வெண்மையாகி, தெளிந்த நீராயிற்று. அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் மஞ்சளாகவே இருந்தது.

"இன்னொரு தடவை கழுவுங்க" என்றாள் மருத்துவர். என் மனைவி திரும்பவும் கழுவினாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் எரிந்தது நாற்பது வாட் குண்டு பல்பு. அதன் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரே மஞ்சளாகத்தான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் நான் அவள் கண்களைப் பார்த்துப் பேசும் வாய்ப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விடைத்தாள் திருத்துவேன்.

கண்ணாடிக்குப் பதிலாக ஒரு சீட்டு எழுதித் தந்து, அதே தெருவில் இருந்த பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரமும் எடுத்தார்கள். பெரிய டாக்டர் அவளிடம் சில கேள்விகள் கேட்டார். சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். பல மாதங்களாகக் கடுங்காப்பி நிறத்தில்தான் போனதாம். எல்லாம் வயசுக் கோளாறு என்று இருந்துவிட்டாளாம்.

கல்லீரலுக்குள் பித்தம் ஓடும் நுண்ணிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்று டாக்டர் என்னிடம் தனியாக விளக்கினார். பித்தம் இரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. அந்த அரிப்பு அதனால்தான். இந்நோய் பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் இந்த வயதில் வருவது; மஞ்சள் வெளியே தெரிவதற்குப் பல காலம் முன்பே அரிப்பு வந்துவிடும்; அதனால் நாள் நிற்கும் கோளாறு என்று நினைத்துத்தான் எல்லாரும் இருந்துவிடுகிறார்கள் என்றார். முன்பே வந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அது உண்மையா, இரக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாளில் நூல்களில் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் அவற்றிலும் இருந்தது. ஆனாலும் தெரியாது.

அரிப்பைத் தணிக்க நீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு பொடி தந்தார்கள். கூடவே டாக்டர் ஒரு நிபந்தனை விதித்தார். மஞ்சள் பூசுவதை அடியோடு நிறுத்த வேண்டும். நிறம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத் தமக்குத் தோல் வேண்டும்.

அவள் மறுத்துவிட்டாள். இருபத்தெட்டு ஆண்டு மண வாழ்வில் ஒரு மருத்துவரை, ஓர் ஆசிரியரை, என்னை, யாரையும் எதிர்த்துப் பேசாதவள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

"நீங்க முழுசா இருக்கீங்க. நீங்க இருக்கையில நான் வெறும் மூஞ்சியோட தெருவுல நடக்கணுமா? என் தங்கச்சி நடக்கிறது போதாதா?"

தங்கை அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு அது கேட்டிருக்கும். பாத்திரம் கழுவும் ஓசை நிற்கவும் இல்லை, கூடவும் இல்லை.

சிறிது நேரம் கழித்து என் மனைவி தானே அடுப்படிக்குப் போனாள். அக்காளும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது தங்கைதான் வழி சொன்னாள். டாக்டருக்குப் பார்க்கத்தானே தோல் வேண்டும். முகமே எதற்கு, ஒரு கை போதாதா என்று. மறு வாரம் அதை டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். முதன்முறையாக அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"சரிம்மா. ஒரு கையை எனக்கு விட்டுக் குடுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை டாக்டருக்கு என்று முடிவாயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் அவள் குளித்துவிட்டு வந்ததும், கொல்லையில் கிணற்றடி வெளிச்சத்தில் நின்று அந்தக் கையை நீட்டுவாள். நான் கல்லூரிக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு குழாய்களில் உள்ள நிறங்களை ஒப்பிட்டு எது அடர்த்தி என்று சொல்வது என் தொழில். ஒப்பிட இங்கே இரண்டாவது குழாய் இல்லை. முந்தின நாளின் நினைவு மட்டுமே இருந்தது.

"இன்னைக்கு எப்படி?"

"நேத்து மாதிரிதான்."

அவள் கையைப் பார்க்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தோலுக்கான பணிவிடை இப்போது வேறு வகையாக இருந்தது. தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி முதுகில் தடவ வேண்டும். கை எட்டாத இடம் என்பதால் அது என் வேலையாயிற்று. பழைய பருத்திப் புடவைகளைத் தவிர வேறு எதுவும் உடம்பில் பட முடியவில்லை. ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு உட்காருவாள். மணவாழ்வின் முதல் பாதியில் நான் தொடாத அளவுக்கு அந்த ஆண்டுகளில் அவள் தோலைத் தொட்டேன். அது நாளுக்கு நாள் கருத்து, தடித்து, நகக்கீறல்களோடு வேறொருவருடைய தோலாக ஆகிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் மஞ்சள் தவறாமல் இருந்தது. அதன்மேல் குங்குமம்.

எதிர்வீட்டு அம்மாளிடம் என் மனைவியே விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் அழுதாள். பிறகு சில காலம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தாள். தொற்று நோய் அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம்; அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளடைவில் அவளாகவே பழையபடி வரத் தொடங்கினாள். ஆனால் மஞ்சளைப் பற்றி அதன் பிறகு தெருவில் யாரும் என் மனைவியைப் புகழவில்லை.

இடது கையின் செய்தி தெரு முழுவதும் பரவிற்று. நோன்புக்கும் வளைகாப்புக்கும் போகும் இடங்களில், வந்திருக்கும் சுமங்கலிகளுக்கு மஞ்சள் பூசிவிடுவது வழக்கம். யாராவது தெரியாமல் அவளுடைய இடது கையைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். "இது டாக்டர் கை. இந்தப் பக்கம் வாங்க" என்று வலது கையை நீட்டுவாளாம். பெண்கள் சிரிப்பார்களாம். டாக்டர் கை என்பது பெயராகவே நிலைத்துவிட்டது. சந்தனம்கூட அதில் தடவமாட்டார்கள். "டாக்டர் கை சௌக்கியமா?" என்று எதிர்வீட்டு அம்மாள் வாசலிலிருந்தே கேட்பாள், என் மனைவி வலது கையை ஆட்டிப் பதில் சொல்வாள்.

எண்பதுகள் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மழைக்கால மாதத்தில் அரிப்பு குறைந்தது. பொழுது சாய்ந்தும் அவள் மிதியடியைத் தேடிப் போகவில்லை. விசிறி தன் இடத்தில் கிடந்தது. பொடி வேலை செய்துவிட்டது என்றாள். ஊருக்குப் போயிருந்த தங்கைக்குச் சொல்லி அனுப்பினாள். உறங்கினாள்; பல ஆண்டுகளுக்குப் பிறகு, பகலிலும் உறங்கினாள். நான் அந்தச் செய்தியை ஓரளவு உற்சாகத்தோடுதான் புத்தூருக்குக் கொண்டுபோனேன். டாக்டர் நிறம் எப்படி என்று கேட்டார். நேற்று மாதிரிதான் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினேன். நேற்றைவிட அடர்த்தி என்றேன். கல்லீரல் தளர்ந்துபோகும் கட்டத்தில் சிலருக்கு அரிப்பு தானாகவே நின்றுவிடுவதுண்டு என்றார். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் வெகுநேரம் நின்றிருந்தது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது.

அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை கையை நீட்டிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்காமல் வேறொன்று சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லைங்க. மஞ்சளோட போறேன். நான் வேண்டிக்கிட்டது அதுதான்."

அந்த வேண்டுதலை எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிறார்கள். கணவனுக்கு முன்னால் போக வேண்டும் என்று கேட்கும்போது, பின்னால் இருக்கப்போகிறவன் யார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அவள் தை மாதத்தில், வீட்டிலேயே, முற்பகலில் இறந்தாள். இறுதி நாட்களில் யாரையும் அடையாளம் தெரியாமல் உறங்கிக்கொண்டே இருந்தாள். தங்கை அருகிலிருந்தாள்; தந்தி கிடைத்துக் கிளம்பிய மகள் இன்னும் ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

சுமங்கலியாக இறந்த பெண்ணை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவார்கள். அதைச் சுமங்கலிகள்தாம் செய்ய வேண்டும். எதிர்வீட்டு அம்மாளும் தெருப் பெண்கள் மூவரும் முன்வந்தார்கள். கொல்லையில் புடவைகளைக் கட்டி மறைப்பு ஏற்படுத்தினார்கள். குளியலறைக் கல்லிலேயே மஞ்சளை உரைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் வாசலில் இருந்தார்கள். என்னை மட்டும் கூடத்தின் பின்கதவருகே உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து நடக்கும் நிலையில் நான் இல்லையென்று கருதினார்கள் போலும். தங்கை அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறைப்புக்குள் போக அவளுக்கு உரிமை இல்லை. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை அவள் கையில் இருந்தது. கூப்பிட்டு வாங்கிக்கொள்ளும்வரை அவள் வெளியேதான் நிற்க வேண்டும்.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புடவை கட்டி, கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகம், கழுத்து, வலது கை, பாதங்கள் எல்லாம் ஈர மஞ்சளாக மின்னின. இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மட்டும் அந்த ஈர மினுமினுப்பு இல்லை; ஒன்றும் பூசியிருக்கவில்லை. பெண்கள் அதை வேண்டுமென்று விடவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அந்த நான்கு பேருடைய கைகளும் அந்த இடத்தைத் தாமாகவே தாண்டிப் போயிருக்கின்றன.

அதை முதலில் கண்டவள் தங்கை. நெருங்கி வந்தாள், உரிய தூரத்தில் நின்றுகொண்டாள். குரலை உயர்த்தாமல் எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னாள்:

"அந்தக் கையிலயும் பூசிடுங்கக்கா. இனிமே யாரும் பாக்கப் போறதில்ல."

எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கிண்ணத்தின் அடியில் எஞ்சியிருந்ததை வழித்து, அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவாகப் பூசினாள். கூடத்துக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. நல்ல பகல் வெளிச்சம். நான் பழக்கத்தினால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசிய இடத்துக்கும் பூசாத இடத்துக்கும் நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை.